முடி கொட்டுகிறதா? எண்ணெய் வாங்க முன் இரத்தத்தைப் பரிசோதியுங்கள்

ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடிகள் வரை உதிர்வது இயல்பு. வகிடு அகன்று, பின்னல் மெலிந்துகொண்டே போனால் காரணத்தைத் தேட வேண்டும். நமது பெண்கள் பலர் முக்காட்டுக்குள் மறைந்திருப்பதால் இதை யாரிடமும் சொல்வதில்லை. முகநூலில் விற்கும் எண்ணெயைத் தேய்த்தே மாதங்களைக் கடத்துகின்றனர்.

முதலில் சந்தேகிக்க வேண்டியது இரும்புச்சத்துக் குறைபாடு. அதிக மாதவிடாய்ப் போக்கும் அடுத்தடுத்த பிரசவங்களும் இதற்கு வழிவகுக்கும். சாப்பிட்டவுடன் பிளேன்டீ குடிப்பது, உணவிலுள்ள இரும்பு உடலில் சேர்வதைக் குறைக்கும். களைப்பும் மூச்சுவாங்கலும் சேர்ந்திருந்தால் குருதிச்சோகையாக இருக்கலாம்.

உடல் பருமன் கூடி, எந்நேரமும் குளிர்வதுபோல் இருந்தால் தைரொயிட் சுரப்பியைப் பரிசோதிக்க வேண்டும். மாதவிடாய் தவறி, முகத்தில் முடி வளர்ந்தால் ஹோர்மோன் கோளாறு காரணமாகலாம்.

டெங்கு போன்ற கடும் காய்ச்சல், பிரசவம், சத்திரசிகிச்சை ஆகியவற்றுக்கு 2, 3 மாதங்களின் பின் முடி கொத்தாக உதிர்வதுண்டு. பயப்பட வேண்டாம், பெரும்பாலும் 6 மாதங்களளவில் தானாகவே குறைந்துவிடும். வட்டமாகச் சொட்டை விழுந்தால் தோல் வைத்திய நிபுணரிடம் காட்டுங்கள்.

முக்காடு அணிவதால் முடி கொட்டுவதில்லை. அதனுள் நாள் முழுவதும் இறுக்கிக் கட்டும் கொண்டைதான் வேரை இழுத்துப் பலவீனமாக்கும். தளர்வாகக் கட்டுங்கள்.

ஆண்களின் வழுக்கை பெரும்பாலும் பரம்பரையானது. ஆனால் பெண்ணின் தலைமுடி, பல வேளைகளில் உடலின் குறையைச் சொல்கிறது. அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் இலவசமாகவே காட்டலாம். எந்த எண்ணெயும் குருதிச்சோகையைக் குணமாக்காது.