படத்தில் நிற்பவரின் பெயர்

கடலலையின் மீது ஒரு பலகையில் ஏறி நின்று கரைவரை சறுக்கி வருகின்ற விளையாட்டைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். கிழக்கிலுள்ள சகோதரிகள் அறுகம்குடாவில் நேரிலும் பார்த்திருப்பீர்கள். அலைச்சறுக்கல் என்று அதனைச் சொல்வர். அந்த விளையாட்டின் பழைய புகைப்படங்களைப் பற்றியும், அவற்றை எவ்வாறு காப்பாற்றினார்கள் என்பதைப் பற்றியும் இம்மாதம் எழுதுகிறேன். எங்களுக்கிருக்கிற கரைச்சலுக்குள் இது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கொஞ்சம் பொறுங்கள், சொல்கிறேன்.

மட்டக்களப்பில் ஒரு ஸ்ரூடியோவில் நான் 18 வருடங்கள் வேலை செய்தேன். கலியாண வீட்டுப் படங்களை விட, அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கிக் கொடுத்ததுதான் அதிகம். காணாமற்போன மகனின் படம், கணவரின் படம் என்று தாய்மாரும் மனைவிமாரும் கொண்டுவருவார்கள். பெருவிரல் நகத்தளவு படத்திலிருந்து சுவரில் மாட்டுகிற படம் வரவேண்டும். வேறு படம் இல்லையா அம்மா என்று கேட்டால், அல்பம் வீட்டோடு எரிந்தது என்பார்கள், அல்லது 2004 ஆழிப்பேரலையோடு போயிற்று என்பார்கள். ஆகவே எந்தப் பழைய படத்தைக் கண்டாலும் இவர் யார், எடுத்தது யார், எப்படித் தப்பியது என்று கேட்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது. அறுகம்குடாவில் விடுதி நடத்தும் என் உறவினர் வீட்டில், ஒரு வெளிநாட்டுப் பயணி விட்டுச்சென்ற தடித்த படப்புத்தகத்தைக் கண்டபோதும் இதே கேள்விகள்தான் வந்தன. அது லீரோய் கிரானிஸ் என்ற அமெரிக்கர் 1960களிலும் 70களிலும் எடுத்த அலைச்சறுக்கற் படங்களின் தொகுப்பு. அதிலிருந்து பின்னோக்கித் தேடிப் போனேன்.

பின்னோக்கிப் போனால் ஹவாய்த் தீவுகளில்தான் நிற்க வேண்டும். பசுபிக் சமுத்திரத்தின் நடுவிலுள்ள அத்தீவுகளில் அரசர், குடியானவர், ஆண், பெண், சிறுவர் என்ற பேதமின்றி எல்லோரும் அலையேறினார்கள். மாவுய்த் தீவின் கெலேயா என்ற அரசகுலப் பெண் அலையேறுவதில் வல்லவள் என்று அவர்களது பழங்கதைகள் சொல்கின்றன. 1899 இல் 23 வயதில் இறந்த இளவரசி கயுலானியின் பலகை ஹொனலுலுவிலுள்ள பிஷப் நூதனசாலையில் இன்றும் உண்டு.

அம்மக்களுக்கு நேர்ந்தவை எமக்குப் புதியவையல்ல. வெளியிலிருந்து வந்த நோய்களால் பெருந்தொகையானோர் மாண்டனர். 1893 இல் அவர்களது அரசியைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். 1896 இல் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலமே போதனாமொழி என்று சட்டம் வந்தது. 1898 இல் தீவுகளை அமெரிக்கா தன்னோடு சேர்த்துக்கொண்டது.

அந்தக் காலத்தில்தான் ஹவாய்க் கடற்கரைக்குக் கமராக்கள் வந்தன. 1898 அளவில் பிராங்க் டேவி என்பவர் எடுத்த ஒரு படம் மிகவும் பிரசித்தம். இடையில் ஒரு துணி மாத்திரம் கட்டிய ஒருவர், கையில் நீண்ட பலகையோடு வைக்கிக்கிக் கடற்கரையில் நிற்கிறார். பின்னால் டயமண்ட் ஹெட் மலை தெரிகிறது. இந்தப் படத்தை அச்சிடுகிற இடங்களில் எடுத்தவரின் பெயரைத் தவறாமல் போடுகிறார்கள். நிற்பவரைப் பெரும்பாலும் 'ஹவாய் மனிதர்' என்று மட்டும் எழுதுகிறார்கள். அவருக்கும் ஒரு தாய் பெயர் வைத்திருப்பாளே. உல்லாசப் பயணிகளுக்கு விற்பதற்காக வெளியார் எடுத்த படங்களில் இதுதான் நடக்கிறது. சில வருடங்களுக்குப் பின்னர் ஹொனலுலுவில் கலைப்பொருட் கடை வைத்திருந்த ஏ. ஆர். கரி என்பவர், அலையேறுபவர்களையே தேடிப்போய்ப் படமெடுத்தார். அவற்றைக் கையால் ஒட்டிக் கட்டி 'ஹவாயின் அலையேறிகள்' என்ற சிறுநூலாக்கினார். 1912 ஒலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வென்ற டியூக் கஹானமோக்கு அதில் இருக்கிறார். டியூக்கின் பெயர் எல்லோருக்கும் தெரியும், ஏனெனில் அவர் புகழ் பெற்றவர். மற்றவர்களின் பெயர்கள் அப்படி வரவில்லை.

வெள்ளையர் வந்தபின் ஹவாய் மக்கள் அலையேறுவதை ஏறக்குறைய விட்டுவிட்டார்கள் என்று நெடுங்காலம் புத்தகங்களில் எழுதிவந்தனர். இதை மறுப்பதற்கு உதவியது அவர்களின் சொந்த மொழிப் பத்திரிகைகள்தான். 1834 தொடக்கம் 1948 வரை ஹவாய் மொழியில் 100க்கும் மேற்பட்ட பத்திரிகைகள் வெளிவந்தன. அவற்றை வாசித்து ஜோன் கிளார்க் என்பவர் 2011 இல் ஒரு நூல் வெளியிட்டார். ஊர் ஊராக அலைகளுக்கு இருந்த பெயர்கள், பலகை வகைகள், அலையேறிய ஆண் பெண்களின் பெயர்கள் யாவும் அப்பத்திரிகைகளில் இருந்தன. அதே வருடம் அப்பக்கங்களைக் கணினியில் எழுத்தாக்கும் வேலை தொடங்கியபோது, ஆயிரக்கணக்கான சாதாரண மக்கள் சம்பளமின்றி வீட்டிலிருந்து தட்டச்சுச் செய்து கொடுத்தார்கள்.

இனிக் கலிபோர்னியாவுக்கு வருவோம். அலையில் நிற்பவரைக் கரையிலிருந்து எடுத்தால் எறும்பு போலத் தெரிவார். கிட்டப் போவதென்றால் கடலுக்குள் போகவேண்டும். உப்புத்தண்ணீர் பட்டால் கமரா அன்றோடு சரி. 1930 அளவில் டொம் பிளேக் என்பவர் நீர் புகாத பெட்டி ஒன்றினுள் கமராவை வைத்து, பலகையில் கிடந்து துடுப்பாகக் கையை வலித்துச் சென்று படமெடுத்தார். அப்படங்களைப் பத்திரிகையில் பார்த்து ஆசைப்பட்டவர் ஜோன் போல் என்ற பல்வைத்தியர். 1935 இல் பாலோஸ் வேர்டெஸ் என்னுமிடத்தில் ஓர் அலைச்சறுக்கற் சங்கத்தை அமைத்தவர்களில் இவரும் ஒருவர். தானும் ஒரு பெட்டி செய்து, சங்கத்து நண்பர்களைப் படமெடுத்து, 1946 இல் 'கலிபோர்னிய அலையேறிகள்' என்ற பெயரில் புத்தகமாக்கினார். அடித்தது 510 பிரதிகள்தான். எனக்குப் பிடித்தது அதில் அவர் படங்களின் கீழ் எழுதிய குறிப்புகள். இன்னார், இன்ன கடற்கரை என்று பட்டப்பெயர் உட்பட எழுதி வைத்தார். அவர்கள் அவருடைய கூட்டாளிகள், ஆகவே பெயர் தெரியாமல் போக வழியில்லை.

அந்தக் கூட்டாளிகளில் ஒருவர்தான் நான் முதலில் சொன்ன கிரானிஸ். 1917 இல் பிறந்த இவர் ரெலிபோன் கொம்பனியில் வேலை செய்தார். 40 வயது கடந்த பின் வயிற்றுப்புண் வந்து, வேலை மன அழுத்தம் குறைய ஏதாவது பொழுதுபோக்கைத் தேடுமாறு வைத்தியர் சொன்னார். அவர் கமராவை எடுத்தார். வாகனக் கொட்டிலில் இருட்டறை அமைத்துத் தானே படங்களைக் கழுவினார். பலகையில் ஒட்டிப்பிடித்து நிற்கின்ற, நீர் புகாத பெட்டி ஒன்றையும் செய்துகொண்டார். கரைக்கு வராமல் கடலுக்குள்ளேயே பிலிம் மாற்றுவதற்காக இந்த ஏற்பாடு. ஸ்ரூடியோ இருட்டறையில் பிலிம் மாற்றிப் பழகிய எனக்கு, அலைக்கு நடுவில் அதனைச் செய்த மனிதரைக் கும்பிட வேண்டும் போலிருக்கிறது. 2011 இல் காலமானார்.

பெண்களின் படங்கள் குறைவு. 1960களின் சஞ்சிகைகளில் பெண்கள் கரையில் துவாய் விரித்து இருப்பவர்களாகவே பெரிதும் வருகிறார்கள். ஆனால் போலின் படங்களில் மேரி ஆன் ஹோக்கின்ஸ் பலகையில் நிமிர்ந்து நிற்கிறார். 1930களின் கடைசியில் போட்டிகளில் வென்ற இவர், பிற்காலத்தில் ஹவாயில் குழந்தைகளுக்கு நீச்சல் பழக்கினார். அவுஸ்திரேலியாவிலோ 1915 இல் டியூக் கஹானமோக்கு சிட்னிக்கருகே அலையேறிக் காட்டியபோது, தன்னோடு பலகையில் ஏற்றிச் சென்றது இசபெல் லெதம் என்ற 15 வயதுப் பிள்ளையை. முதன்முதலில் அலையேறிய அவுஸ்திரேலியர் இவரே என்று வெகுகாலம் சொல்லி வந்தனர். 1912 இலேயே ஓர் இளைஞர் ஏறிவிட்டார் என்று பழைய பத்திரிகைச் செய்திகளிலிருந்து பின்னர் தெரியவந்தது. இசபெல்லின் பெருமை அதனால் குறைந்துவிடவில்லை. 1993 இல் அந்நாட்டு அலைச்சறுக்கல் வீரர்களின் பெருமைப் பட்டியலில் அவரைச் சேர்த்தார்கள். அன்று டியூக் செய்த பலகை பிரெஷ்வோட்டர் உயிர்காப்புச் சங்கத்தில் பத்திரமாக இருக்கிறது.

கலிபோர்னியாவின் சன் கிளமென்ரே நகரிலே அலைச்சறுக்கல் மரபுரிமை நிலையம் ஒன்றுண்டு. பலகைகளையும் படங்களையும் சேர்ப்பதோடு, முதியவர்களைக் கதைக்கச் சொல்லிப் பதிவும் செய்கிறார்கள். வசதியுள்ளவர்கள், செய்கிறார்கள். எங்கள் வீட்டுப் படங்களுக்கு நாங்கள்தான் நிலையம்.

2009 இல் வன்னியிலிருந்து வந்த ஓர் அக்கா சில காலத்தின் பின் ஸ்ரூடியோவுக்கு ஒரு பொலித்தீன் பையைக் கொண்டுவந்தார். தண்ணீருக்குள்ளால் வந்தபோது நனைந்து, காய்ந்து, செங்கல் போல ஒட்டிக்கொண்ட 14 படங்கள். உரித்துப் பார்க்காமல் கொண்டுவந்தது அவர் செய்த புண்ணியம். காய்ந்து ஒட்டிய படங்களை இழுத்தால் முகம் மற்றப் படத்தோடு போய்விடும். ஒரு தட்டில் சுத்தமான குளிர்ந்த தண்ணீர் விட்டு அப்படியே ஊறவைத்தோம். தாமாக விலகத் தொடங்கியபோது ஓரத்தைப் பிடித்து ஒவ்வொன்றாக எடுத்தோம். ஈரமாக இருக்கும்போது படத்தின் முகப்பக்கத்தில் விரல் படக்கூடாது, அந்தப் பூச்சு பாலாடை போல வந்துவிடும். பருத்தித் துணியில் முகம் மேலே பார்க்க, நிழலில் காயவிட்டோம். 11 படங்கள் தப்பின. ஸ்ரூடியோவில் கழுவிய படங்களுக்குத்தான் இந்த முறை சரிவரும். கணினி மையால் அச்சிட்ட படத்தைத் தண்ணீரில் போட்டால் மை கரைந்துவிடும்.

அந்த அக்காவை ஒவ்வொரு படமாகப் பார்த்துப் பெயர் சொல்லச் சொன்னேன். பள்ளிக்கூடப் படம் ஒன்றில் பின்வரிசையில் நின்ற ஒரு பெண்ணின் பெயர் மாத்திரம் வரவில்லை. மூன்றாம் நாள் அதற்கென்றே பஸ் ஏறி வந்து சொல்லிவிட்டுப் போனார்.

பெயரைப் பேனையால் எழுதாதீர்கள், மை முன்பக்கத்துக்கு ஊறும். மெதுவான பென்சிலால் பின்புறத்தின் ஓரத்தில் எழுதலாம். வழுக்குகிற தாளென்றால் ஒரு கடித உறையில் எழுதி அதற்குள் படத்தை வையுங்கள். இடமிருந்து வலமாகப் பெயர், ஊர், வருடம் போதும். லமினேற் செய்யும் வழக்கம் எம்மிடையே அதிகம். தயவுசெய்து மூலப்படத்தைச் செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்ரிக்கைப் பின்னர் கழற்ற முடியாது. பிரதியெடுத்து அதனைச் செய்யுங்கள். பசை பூசிய பக்கங்களுள்ள அல்பமும் காலப்போக்கில் படத்தைத் தின்னும். தொலைபேசியால் பிரதியெடுப்பதானால் பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல் எடுத்து, வேறு வேறு ஊரிலுள்ள இரண்டு உறவினருக்கு அனுப்பி வையுங்கள்.

அறுகம்குடாவில் 2018 இல் பெண்களுக்கென்று ஓர் அலைச்சறுக்கற் சங்கம் தொடங்கியது. இலங்கையில் அப்படியொன்று அதுவே முதல். என் உறவினரின் பேத்தியும் இப்போது பலகையோடு கடலுக்குப் போகிறாள். தாய்க்குப் பயம், பாட்டிக்குப் பெருமை. அவளும் சிநேகிதிகளும் அலையில் நிற்கும் படங்கள் நூற்றுக்கணக்கில் தொலைபேசியில் கிடக்கின்றன, கழுவிய படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. போனமுறை போனபோது 20 படங்களைத் தெரிந்தெடுக்கச் சொன்னேன். கழுவி வந்ததும் பிள்ளைகள் திண்ணையில் வட்டமாக இருந்து, ஆளுக்கொரு பென்சிலோடு, இது நீ, இது நான் என்று சண்டை பிடித்துக்கொண்டு பெயர் எழுதினார்கள்.