கேட்காமலே காரை நிறுத்துங்கள்!

14 கி.மீ. கிரிவலத்தை அசராமல் சுற்றிவரும் அம்மா, காசிக்குக் காரில் போனால் மட்டும் துவண்டுவிடுகிறாரே, ஏன்?

'அடிக்கடி வண்டியை நிறுத்தச் சொல்லணுமே' என்ற கூச்சத்தில் தண்ணீரே குடிக்கமாட்டார், சிறுநீரையும் அடக்கிக்கொள்வார். அடக்கக்கூடாத 14 வேகங்களில் சிறுநீரும் ஒன்று என்கிறது சித்த மருத்துவம். விளைவு? நீர்க்கடுப்பு, மலச்சிக்கல், தலைச்சுற்றல். மணிக்கணக்கில் கால் அசையாவிட்டால் ரத்தம் உறையவும் கூடும்.

கிருஷ்ணகிரி, ஹைதராபாத், நாக்பூர் வழியே காசி சுமார் 2,000 கி.மீ. ஆறு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டு மணிக்கொரு தடவை நீங்களாகவே நிறுத்தி, தண்ணீர் கொடுத்து, ஐந்து நிமிஷம் நடக்க விடுங்கள். வழக்கமான மாத்திரைகள் கைப்பையில் இருக்கட்டும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ கஷாயம் தேடவேண்டாம், உடனே ஆஸ்பத்திரிதான்!