இயங்கு நிலைநிறுத்தல் இயக்குநர் பயிற்சி
இயங்கு நிலைநிறுத்தல் என்பது, நங்கூரமின்றி, கணினி கட்டுப்படுத்தும் உந்திகளால் கப்பலை ஓரிடத்திலேயே நிறுத்தி வைக்கும் முறையாகும். கடலடி எண்ணெய்க் கிணறு தோண்டும் கப்பல்களிலும் சுழியோடிகளுக்கான துணைக் கப்பல்களிலும் இது பயன்படுகிறது.

காற்றையும் நீரோட்டத்தையும் கணினியே ஈடுசெய்வதால் இயக்குநர் பெரும்பாலும் கண்காணிப்பவராகவே இருக்கிறார். பழுது நேரும்போதுதான் அவரது திறன் வெளிப்படும். எனவே சிமுலேட்டர் எனப்படும் ஒப்புருவாக்கியில் பழுதுகளை வேண்டுமென்றே உண்டாக்கிப் பழக்குகின்றனர். இலண்டனிலுள்ள நாட்டிகல் இன்ஸ்டிடியூட் வழங்கும் சான்றிதழைப் பெற, இப்பயிற்சியுடன் கப்பலில் பணியாற்றிய அனுபவமும் தேவை.

2012 செப்டம்பர் 18 அன்று வடகடலில் பிபி டோபாஸ் கப்பலின் இவ்வமைப்பு செயலிழந்தது. கப்பல் விலகியதால் கடலடியில் இருந்த சுழியோடி ஒருவரின் மூச்சுக்குழாய் அறுந்தது. அவரிடமிருந்த மாற்று வளிமம் சில நிமிடங்களுக்கே போதுமானது. பணியாளர்கள் உந்திகளைக் கையால் இயக்கிப் போராடி, அமைப்பை மீட்டு, அவ்விடம் திரும்பினர். அரை மணி நேரத்துக்குப் பின்னரே மீட்கப்பட்டும் அவர் உயிர் பிழைத்தார்.