காயலான் கடைக்குப் போகும் வண்டலூர் சீமைக் கார்!

தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி பக்கம் பழைய மிராசுதார் வீட்டுக் கொல்லையில், வைக்கோல் போருக்குப் பக்கத்துக் கொட்டகையில் ஒரு கார் தூசி படிந்து கிடந்தால், காயலான் கடைக்காரர் கிலோ கணக்கில்தான் விலை சொல்வார். அவசரப்பட்டுத் தலையை ஆட்டிவிடாதீர்கள்!

அது ஸ்டாண்டர்டு ஹெரால்டாக இருக்கலாம். இங்கிலாந்தில் இதற்கென்று சங்கம் வைத்து இன்றும் சீராட்டி வருகிறார்கள். நம் தமிழ்நாட்டு வண்டலூரில் தயாரான இந்த வண்டியை நாம்தான் மறந்துவிட்டோம்.

மூன்றே மூன்று கார்

இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். 1960-களில் கார் வாங்குவது என்றால் பெரும்பாலும் மூன்று கம்பெனி வண்டிகள்தான். பணத்தைக் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

மூன்றுமே ஐரோப்பிய வம்சம். அம்பாசடர், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு. பியட், இத்தாலி வண்டி. பின்னாளில் பிரிமியர் பத்மினி ஆனது. மூன்றாவது, நம்ம ஹெரால்டு.

அம்பாசடருக்கு மந்திரிமார் இருந்தார்கள். 2014 வரை அதன் தயாரிப்பு நடந்தது. பத்மினிக்கு பம்பாய் டாக்சிக்காரர்கள் இருந்தார்கள். 2023 அக்டோபரில் அது மும்பை வீதிகளில் டாக்சியாக ஓடுவது நின்றபோது பத்திரிகைகள் எல்லாம் எழுதின.

ஹெரால்டு 1971-ல் நின்றது. இன்று பேரைச் சொன்னால், "அது என்னங்க கார்?" என்கிறார்கள் இளவட்டங்கள்.

கம்பெனியின் சங்கடம்

இங்கிலாந்தில் கவன்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு கம்பெனி, 1959-ல் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் இதை வெளியிட்டது. உருவம் கொடுத்தவர் இத்தாலியின் மைக்கலாட்டி.

இதில் ஒரு சுவையான சங்கதி. கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்து வந்த தொழிற்சாலையை, போட்டிக் கம்பெனி விலைக்கு வாங்கிவிட்டது. மொத்த பாடியையும் செய்து தர ஆளில்லை!

அதனால் பாடியைத் துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்து, சேசிஸ் மீது போல்ட் போட்டு முடுக்குவது என்று முடிவானது. சங்கடத்துக்குச் செய்த ஏற்பாடு, தூர தேசங்களில் வண்டியைப் பூட்டுவதற்குத் தோதாகிவிட்டது.

வண்டலூர் ஹெரால்டு

சென்னையில் 1948-ல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி, வான்கார்டு, டென் கார்களுக்குப் பிறகு 1961-ல் ஹெரால்டைக் கொண்டு வந்தது. உள்நாட்டுச் சாமான்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடின.

இங்கிலாந்து ஹெரால்டுக்கு இரண்டே கதவு. பாட்டி, பேத்தி, கல்யாணச் சீர்வரிசை என்று ஏறும் நம் குடும்பத்துக்கு அது போதுமா? 1960-களின் கடைசியில் இங்கே நாலு கதவு வைத்தார்கள். கவன்ட்ரியில்கூட இல்லாத கார் இது!

இன்னொரு வேடிக்கை. 'ஸ்டாண்டர்டு' என்றால் 'சாதாரணம்' என்று அர்த்தமாகிவிட்டதால், இங்கிலாந்துக்காரர்கள் 1963-ல் அந்தப் பெயரையே கைவிட்டார்கள். தாய் வீட்டில் போன பெயர், வண்டலூரில் 1988 வரை வாழ்ந்தது.

25 அடி போதும்

கும்பகோணம் பெரிய கடைத் தெருவில் எதிரே மாட்டு வண்டி வந்தால் பெரிய கார்க்காரர் பாடு திண்டாட்டம். ஹெரால்டுக்கு 25 அடி இருந்தால் போதும், முழு வட்டம் அடித்துவிடும். லண்டன் டாக்சிக்குச் சமமான திருப்பம் இது. வாய்க்கால் கரைப் பாதையில் வண்டி திருப்புகிறவருக்குத்தான் அதன் அருமை தெரியும்.

பானெட் இன்னும் விசேஷம். இரண்டு பக்கத்துக் கொக்கியையும் எடுத்தால், மட்கார்டு, விளக்கோடு முன்பாகமே முன்னால் சாய்ந்துவிடும். மெக்கானிக் முன்டயர் மேல் உட்கார்ந்தே வேலையை முடிப்பார்.

அம்பாசடருக்கும் பியட்டுக்கும் ஸ்டியரிங் பக்கத்தில் கியர் இருந்த காலத்தில், ஹெரால்டுக்குக் கீழே தரையில் கியர். இளைஞர்களுக்கு அதில் ஒரு மோகம்!

குறையும் உண்டு

பின்சக்கரங்கள் தனித்தனியாக ஆடும் அமைப்பு. ஆட்கள் நிறைய ஏறினால் சக்கரம் இரண்டும் காலை அகட்டி நிற்கும்; டயர் ஒரு பக்கமாகத் தேயும். காலியாக வளைவில் வேகமாகத் திருப்பினால் பின்புறம் வீசும்.

இங்கிலாந்தில் என்ஜினை 1,147, பிறகு 1,296 சி.சி. என்று பெரிதாக்கினார்கள். இங்கே கடைசிவரை அதே 948 சி.சி.தான்.

1972-ல் வந்த கெசல் காரில் பின் ஆக்சிலை வழக்கமான முறைக்கு மாற்றினார்கள். என்ஜின் மாறவில்லை. 1977-ல் அதுவும் நின்றது.

கடைசி முயற்சி

1985-ல் ஸ்டாண்டர்டு 2000 வந்தது. 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்று பரிசு வாங்கிய ரோவரின் உடம்பு. ஆனால் உள்ளே பழைய வான்கார்டு வம்சத்து என்ஜின். அதே வம்சத்து என்ஜின்தான் பெர்குசன் டிராக்டரில் வயல் உழுதது!

ராஜா உடம்பு, உழவு மாட்டு இதயம். விலையும் அதிகம், பெட்ரோலும் அதிகம். 1988-ல் கடை மூடியது. மிச்சம் கிடந்த உதிரி பாகங்களை 2006-ல் இங்கிலாந்து வியாபாரிகள் வாங்கிப் போனார்கள். நமக்கு இரும்பு, அவர்களுக்குப் பொக்கிஷம்!

சட்டம் துணைக்கு இருக்கிறது

50 வயது தாண்டிய வண்டிகளுக்கு மத்திய அரசு 2021-ல் தனி விதி கொண்டு வந்தது. பதிவு செய்தால் 10 ஆண்டு செல்லும். புதிதாகப் பதிய ரூ.20 ஆயிரம், மறுபதிவுக்கு ரூ.5 ஆயிரம் என்று அந்த விதி சொன்னது. ஏற்கெனவே பதிவான வண்டிக்கு தாத்தா காலத்து நம்பரையே வைத்துக்கொள்ளலாம். புதுப் பதிவுக்கு 'வி.ஏ.' வரிசை.

கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது ஆகியவற்றுக்கு ரோட்டில் எடுக்கலாம். தினமும் ஆபீசுக்கு ஓட்ட முடியாது. வாடகைக்கும் விடக்கூடாது.

முக்கிய நிபந்தனை ஒன்று: சேசிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாறுதல் கூடாது. "டீசல் என்ஜின் மாட்டித் தர்றேன், மைலேஜ் பிச்சிக்கும்" என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். மாட்டிய அன்றே வண்டியின் மதிப்பு போயிற்று!

ஐப்பசி அடைமழை ஈரம் சேசிசைத்தான் முதலில் அரிக்கும். கொட்டகையில் உள்ள காரைக் கட்டை வைத்துத் தூக்கி நிறுத்துங்கள். வைக்கோலைத் தள்ளிப் போடுங்கள். எலி வந்தால் ஒயர் மிஞ்சாது. ஆர்.சி. புத்தகத்தைப் பரணில் தேடி எடுத்து, ஆர்.டி.ஓ. ஆபீசில் விசாரியுங்கள்.

அதற்கு முன், பானெட்டைத் தூக்கிப் பாருங்கள். மட்கார்டும் விளக்கும் சேர்ந்து எழுந்தால் அது ஹெரால்டுதான். தராசில் ஏற்ற வேண்டாம்!