டாய்லெட் கதவும் பாய்மரப் படகும்: சரியான ஸ்பேர் பார்ட்டை எப்படித் தேடுறது?

மதுரையில உட்கார்ந்துக்கிட்டு பாய்மரப் படகு பத்திப் பேசுறியே, இங்க தெப்பக்குளத்தை விட்டா என்ன இருக்குன்னு கேட்பீங்க. நியாயம்தான். ஆனா இந்தக் கதை உங்க பைக்குக்கும் உதவும்.

2022 செப்டம்பர் 4. பிரான்ஸ்ல கோல்டன் குளோப் ரேஸ் தொடங்குது. தனி ஆளா, எங்கயும் நிக்காம உலகத்தைச் சுத்தி வரணும். 1968 காலத்துத் தொழில்நுட்பம் மட்டும்தான், ஜிபிஎஸ் கூடாது. அதுல நம்ம கடற்படையில இருந்து ஓய்வு பெற்ற அபிலாஷ் டோமியும் இருந்தார். 2018-ல இதே ரேஸ்ல பாய்மரம் முறிஞ்சு, முதுகெலும்புல பலத்த அடிபட்டு, நடுக்கடல்ல மீட்கப்பட்டவர்.

ஆள் தூங்கும்போது படகைத் திசை மாறாம ஓட்டுறது விண்ட்வேன்னு ஒரு கருவி. கரண்டே வேண்டாம். மேல இருக்கிற தகடு காற்றுக்கு ஏத்தபடி சாயும், அந்த அசைவு சுக்கானுக்குப் போகும். அது உடைஞ்சா, தூக்கமே கிடையாது. டோமிக்கு உடைஞ்சுது. அவர் என்ன பண்ணினார் தெரியுமா? டாய்லெட் கதவை அறுத்து மாற்றுப் பாகம் செஞ்சார்! 236 நாள் ஓட்டி, 2023 ஏப்ரல் 29-ல ரெண்டாவதா வந்து சேர்ந்தார்.

அவர் அதே மாதிரி தெரியிற பொருளைத் தேடல, அதே வேலையைச் செய்யிற பொருளைத் தேடினார். நாம கடையில செய்யிறது நேர் எதிர். பார்க்க ஒண்ணா இருந்தா வாங்கிடுவோம். அதனால மூணு விஷயம் பாருங்க.

முதல்ல அளவு. 8 மில்லிமீட்டர் போல்ட்டும் 5/16 இன்ச் போல்ட்டும் கண்ணுக்கு ஒண்ணுதான். ஆனா மரை வேற. ரெண்டு சுத்து ஏறும், அப்புறம் சிக்கிக்கும். முறுக்கி ஏத்தினா மரை போயிடும்.

ரெண்டாவது, உலோகம். கடைக்காரர் காந்தத்தை வச்சு, 'ஒட்டல பாருங்க, ஒரிஜினல் எஸ்எஸ்'னு காட்டுவார். 202, 304, 316 மூணுமே பெரும்பாலும் காந்தத்துல ஒட்டாது! உப்புத்தண்ணியைத் தாங்க 316 வேணும், அதுல மாலிப்டினம் இருக்கு. அதையும் அலுமினியப் பாய்மரத்துல நேரா முறுக்கக் கூடாது. உப்பு ஈரம் பட்டா பேட்டரி மாதிரி வேலை செஞ்சு அலுமினியத்தை அரிச்சிடும். நடுவுல நைலான் வாஷர் போடணும்.

மூணாவது, சுமை. கயிறு மாட்டுற ஷேக்கிள்ல எத்தனை கிலோ தாங்கும்னு பொறிச்சிருக்கணும். எதுவுமே பொறிக்காததை, உயிரை நம்பி விடுற இடத்துல மாட்டாதீங்க.

கோடிங்ல சொல்வோமே, பேர் ஒண்ணா இருந்தாலும் வெர்ஷன் மாறினா ஆப் படுத்துடும்னு. இதுவும் அப்படித்தான். அங்க ரீஸ்டார்ட் பண்ணலாம். கடல்ல முடியாது, பைபாஸ் ரோட்டுல போற பைக்லயும் முடியாது.

அடுத்த தடவை கடைக்குப் போகும்போது, உடைஞ்ச பழைய பாகத்தைக் கையோட எடுத்துட்டுப் போங்க. அது எப்படி இருக்குன்னு காட்டுறதோட நிறுத்தாம, என்ன வேலை செஞ்சுதுன்னும் சொல்லுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்!