யார் பெயரையும் சொல்லாத எதிர்ப்புப் பாட்டு

1987 நவம்பர் 8. வட அயர்லாந்தின் எனிஸ்கில்லன் ஊரில், போரில் மாண்டவர்களுக்கு அஞ்சலி செலுத்தக் கூடியிருந்த மக்கள் நடுவே, பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக ஆயுதமேந்திய ஐஆர்ஏ வைத்த குண்டு வெடித்தது. 11 பேர் இறந்தார்கள். கோமாவில் விழுந்த இன்னொருவர் 13 ஆண்டுகள் கழித்து இறந்தார். அந்தத் துயரத்தின் பாதிப்பில், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து ராக் குழுவான சிம்பிள் மைண்ட்ஸ் உருவாக்கியதுதான் 'பெல்ஃபாஸ்ட் சைல்ட்'. ஆறரை நிமிடத்துக்கு மேல் ஓடும் இந்தப் பாட்டு 1989 பிப்ரவரியில் பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. நாட்டில் போர் மூண்டிருக்கிறது என்று பாடுகிறது. யார் மூட்டியது என்று சொல்வதில்லை. ஐஆர்ஏவின் பெயரும் இல்லை, பிரிட்டிஷ் ராணுவத்தின் பெயரும் இல்லை. பிறகு எதை வைத்து அதை எதிர்ப்புப் பாட்டு என்பது? அதன் மெட்டை வைத்துத்தான்.

'ஷி மூவ்ட் த்ரூ த ஃபேர்' என்ற ஐரிஷ் நாட்டுப்பாடலின் மெட்டு அது. டோனகல் பகுதியில் கிடைத்த அந்த மெட்டை 1909இல் அச்சில் கொண்டுவந்தவர் ஹெர்பர்ட் ஹியூஸ். பழைய வரிகளின் மிச்சத்திலிருந்து பாடலை எழுதியவர் கவிஞர் பாட்ரிக் கோலம். நம் கல்யாணத்துக்கு நாள் அதிகமில்லை என்று காதலனிடம் சொல்லிவிட்டு, சந்தைக் கூட்டத்துக்குள் நடந்து போகிறாள் ஒருத்தி. பிறகு ஓர் இரவில் காலடி ஓசையே இல்லாமல் வந்து அதையே சொல்கிறாள். வந்தவள் உயிரோடு இல்லை என்பது கேட்பவருக்கு அப்போதுதான் உறைக்கிறது. மெட்டின் ஸ்வரங்கள் நம் ஹரிகாம்போஜியின் ஸ்வரங்களே. மேல் சட்ஜத்தை எட்டிப்பிடிக்கத் துடிக்கும் காகலி நிஷாதம் இல்லாமல் கைசிகி நிஷாதம் வருவதால், ஆறுதல் கிடைக்காத ஒரு தவிப்பு கடைசிவரை தங்கிவிடுகிறது. பாடகர் ஜிம் கெர் இதன்மேல் புது வரிகளை வைத்தபோது, காதலர்கள் சந்திக்கும் இடம் தூக்குமரத்தடியாக மாறியது. கூட்டத்தில் தேடப்படுபவர்கள் சகோதர சகோதரிகள் ஆனார்கள். பழைய பாட்டை அறிந்தவருக்கு, தேடப்படுபவர்கள் எந்த நிலையில் இருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. கொலைக்கு எதிரான சாட்சியத்தை மெட்டே சொல்லிவிடுகிறது.

குண்டு வெடித்தது எனிஸ்கில்லனில், பாட்டு தலைநகர் பெல்ஃபாஸ்ட்டின் பெயரில். பாடியவர்களோ வெளியூர்க்காரர்கள் என்ற குறை உண்டு. ஆனால் மெட்டை வெளியிட்ட ஹியூஸ் பெல்ஃபாஸ்ட்டில் பிறந்தவர். டோனகல் இன்று எல்லைக்கு அப்பால், அயர்லாந்துக் குடியரசில் இருக்கிறது. 1909இல் அந்த எல்லையே கிடையாது. தீவு பிரிக்கப்படுவதற்கு முன்பே இருந்த மெட்டின்மீது எந்தத் தரப்பும் தனி உரிமை கோர முடியாது. 3,500 பேருக்கு மேல் பலிகொண்ட வட அயர்லாந்து மோதலில், இரு பக்கத்துப் பிணங்களுக்கும் சேர்த்து அழ அப்படியொரு மெட்டு வேண்டியிருந்தது. டிரம்ஸும் கிதாரும் வேகமெடுக்கும் நடுப்பகுதி தேவைக்கு மேல் நீள்கிறது என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளலாம். அது தணிந்து, பழைய மெட்டு திரும்பும்போதுதான் பாட்டுக்கு மறுபடி உயிர் வருகிறது.

இதைவிடக் கனமான கேள்வி ஒன்று இருக்கிறது: பெயர் சொல்லாதது கோழைத்தனம் இல்லையா? 1988 அக்டோபரில், ஐஆர்ஏவின் அரசியல் முகமான சின் ஃபெய்ன் உள்ளிட்ட அமைப்புகளுக்காகப் பேசுவோரின் குரல்களையே ஒலிபரப்பக்கூடாது என்று பிரிட்டிஷ் அரசு உத்தரவிட்டது. செய்யாத குற்றத்துக்குச் சிறையில் கிடந்த பர்மிங்காம் அறுவருக்காக போக்ஸ் குழு பாடிய பாட்டு, இந்த உத்தரவின் பேரில் தனியார் வானொலி, தொலைக்காட்சிகளில் தடைசெய்யப்பட்டது. பெயர் சொன்ன பாட்டுக்குத் தடை, சொல்லாத பாட்டுக்கு முதலிடம் என்பது உறுத்தத்தான் செய்கிறது. போக்ஸ் குழுவின் துணிச்சல் பெரியது. அறுவர்மீதான தீர்ப்பு 1991இல் ரத்தானது, அவர்கள் பாடியது சரி என்றாயிற்று. ஆனால் அந்தப் பாட்டு ஓர் அநீதியைத் திருத்தச் சொல்லிக் கேட்டது, அதற்குப் பெயர்கள் தேவைப்பட்டன. 'பெல்ஃபாஸ்ட் சைல்ட்' எந்த நீதிமன்றத்தாலும் திருப்பித் தர முடியாதவர்களுக்கான ஒப்பாரி. அதில் ஒரு கொலைகாரனின் பெயரைச் சேர்த்திருந்தால், மறுதரப்பால் கொல்லப்பட்டவர்களின் வீடுகளில் அதைப் பாட முடியாமல் போயிருக்கும்.