ஒரே பெயரில் ஆறு புழுக்கள்

கேப்பிடெல்லா என்பது கடலடிச் சேற்றில் வாழும் முள்மயிர்ப் புழுக்களின் ஒரு பேரினம். நூல்போல மெலிந்த, சிவந்த புழுக்கள் இவை. இவற்றுக்கு இரத்தக் குழாய்கள் கிடையாது. உடற்குழித் திரவத்தில் மிதக்கும் செல்களின் ஹீமோகுளோபின்தான் அந்தச் சிவப்பைத் தருகிறது.

பேரினத்தைக் கண்டறிய நுண்ணோக்கி வேண்டும். தலை கூம்பு வடிவானது, செவுள்கள் இல்லை. மார்புப் பகுதியில் 9 கண்டங்கள். முன்கண்டங்களில் மெல்லிய நீண்ட மயிர்கள், பின்னால் உறை போர்த்திய நுண்கொக்கிகள். ஆண் புழுவின் 8, 9ஆம் கண்டங்களில், முதுகுப்புறம், இனப்பெருக்கத்துக்கான தடித்த முட்கள் இருக்கும். இந்த முட்களே மிக நம்பகமான அடையாளம்.

சிக்கல் சிற்றினத்தைப் பிரிப்பதில் இருக்கிறது. கிரீன்லாந்துப் புழு ஒன்றை 1780இல் ஃபாப்ரீசியஸ் விவரித்தார். கேப்பிடெல்லா கேப்பிடாட்டா என்று பின்னாளில் வழங்கிய அந்தப் பெயரை உலகெங்கும் கிடைத்த ஒத்த புழுக்களுக்கெல்லாம் சூட்டிவிட்டார்கள். கழிவு சேரும் துறைமுகங்களில் இப்புழுக்கள் பெருகுவதால், மாசின் அளவுகோலாகவும் அந்த ஒற்றைப் பெயர் நிலைபெற்றது.

1969இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில், வெஸ்ட் ஃபால்மத் கரையோரம் ஒரு படகிலிருந்து எண்ணெய் கொட்டியது. மற்ற உயிர்கள் மடிந்த சேற்றில் இப்புழு மட்டும் பெருகியது. அதை ஆராயப் புகுந்த ஜூடித் கிராஸில், ஃபிரெடெரிக் கிராஸில் இருவரும் 1976இல் வெளியிட்ட முடிவு வகைப்பாட்டையே உலுக்கியது. நொதிகளை மின்புலத்தில் பிரித்துப் பார்த்தபோது, ஒன்று என்று எண்ணியது ஆறு சிற்றினங்களாகத் தெரிந்தது. தோற்றத்தில் வேறுபாடு காண்பது அரிது. முட்டையின் அளவும் இளவுயிரி வளரும் விதமும்தான் தெளிவாக வேறுபட்டன. சிலவற்றின் இளவுயிரிகள் நீரில் மிதந்து திரியும். சிலவற்றின் குஞ்சுகள் தாயின் குழாய்க்குள்ளேயே வளர்ந்து வெளிவரும். வாழ்க்கை முறை இவ்வளவு மாறுபடும்போது, மாசைத் தாங்கும் திறனும் ஒன்றாகவே இருக்கும் என்று கொள்வது பிழை.

மூலப் பெயர் எந்தப் புழுவுக்கு உரியது என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டியிருந்தது. 2009இல் ஜேம்ஸ் பிளேக் கிரீன்லாந்துப் புழுக்களை மறுபடி விவரித்து, புதிய வகைமாதிரி ஒன்றை நிறுவினார். அதே ஆண்டு, அதுவரை 'முதலாம் சிற்றினம்' என்று மட்டும் குறிக்கப்பட்ட மசாசூசெட்ஸ் புழு கேப்பிடெல்லா டெலீட்டா ஆயிற்று. அதன் மரபணுத் தொகுதி 2013இல் வெளிவந்தது.

இன்று மெத்தில் கிரீன் சாயமும் உதவுகிறது. தோலின் சுரப்பிப் பகுதிகளில் அது படியும் கோலம் சிற்றினங்களைப் பிரிக்கத் துணைசெய்யும். டி.என்.ஏ. ஆய்வுக்கோ ஃபார்மலினில் கிடந்த புழு எளிதில் பயன்படாது. எனவே ஒரே இடத்துச் சேற்றிலிருந்து எடுக்கும் புழுக்களில் ஒரு பகுதியை உருவ ஆய்வுக்காக ஃபார்மலினிலும், மற்றொரு பகுதியை எத்தனாலிலும் தனித்தனியே பாதுகாக்க வேண்டும்.